மடியில் இருப்பது பலகை இல்லை: பழைய படங்களில் கிட்டாரை அடையாளம் காண்பது

கேள்வி: கல்கத்தாவில் வேலை பார்த்த எங்கள் பெரியப்பாவின் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. ஐந்து பேர் கொண்ட இசைக்குழு. பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து மடியில் பலகை மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார். பக்கத்தில் நிற்பவரிடம் பெரிய கிட்டார். நடுவில் ஒருவர் மைக் முன்னால் பாடுகிறார். படத்தின் பின்னால் பென்சிலில் 1949 என்று எழுதியிருக்கிறது. ஆனால் பெரியப்பா கல்கத்தா போனதே 1951 கடைசியில்தான் என்கிறார் அப்பா. இவை என்ன கிட்டார்கள்? வருடம் எது சரி?

பதில்:

படத்தைப் பெரிய அளவில் ஸ்கேன் செய்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அதனால்தான் இவ்வளவு சொல்ல முடிகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவின் மடியில் இருப்பது ரிக்கன்பேக்கர் மாடல் பி என்ற மின்சார லேப் ஸ்டீல் கிட்டார். லாஸ் ஏஞ்சலீஸில் 1935-க்கும் 1940-க்கும் இடையில் செய்தது. நிற்பவர் வைத்திருப்பது மேல்பலகை வளைந்த ஆர்ச்டாப் கிட்டார். அதில் இருக்கும் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தக் கருவி, பிற்பாடு மாட்டியது. வருட விஷயத்தில் உங்கள் அப்பா சொல்வதுதான் பொருந்துகிறது. ஆனால் அதைக் காட்டிக்கொடுத்தது கிட்டார் இல்லை, மைக். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் எழுதுகிறேன். அந்தப் பெட்டியில் இன்னும் படங்கள் இருக்கலாம். இதைப் படிக்கிற மற்றவர்கள் வீட்டுப் பரணிலும் இருக்கும்.

கிட்டார் எது என்று பார்க்க உட்காரும் எல்லோரும் முதலில் தலைப்பக்கம் போய்ப் பெயரைத் தேடுவார்கள். பழைய படங்களில் அந்த எழுத்து பெரும்பாலும் ஒரு மங்கல் புள்ளிதான். மனதில் ஒரு பெயரை வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தப் புள்ளி அந்தப் பெயராகவே தெரியும். அதனால் பெயரைக் கடைசிக்கு விட்டுவிடுங்கள். வாசிப்பவரின் இடது கையிலிருந்து தொடங்குங்கள். விரல்கள் கழுத்தைச் சுற்றி வளைந்து கம்பிகளை அழுத்தினால் நமக்குப் பழக்கமான கிட்டார். அமெரிக்கக் கடைக்காரர்கள் அந்தக் காலத்தில் இதை ஸ்பானிஷ் கிட்டார் என்பார்கள். கை மேலிருந்து கவிழ்ந்து, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே ஓர் உலோகத் துண்டு மின்னினால் அது ஸ்டீல் கிட்டார்.

கோட்டுவாத்தியக் கச்சேரி பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வீணைக்கு இருப்பது போன்ற மெட்டுகள் அதில் கிடையாது. கருங்காலிக் கட்டையைத் தந்திகள் மேல் வழுக்கி ஸ்வரம் பிடிப்பார்கள். அந்தக் கட்டை செய்யும் வேலையை இங்கே உருக்குத் துண்டு செய்கிறது. ஸ்டீல் கிட்டார் என்ற பெயரே அந்தத் துண்டால் வந்தது. கிட்டாரின் உடம்பு மரமா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா என்பதற்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை. படத்தில் பளபளவென்று உலோக உடம்பைப் பார்த்துவிட்டு இது ஸ்டீல் கிட்டார் என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அதே உலோக உடம்பைச் சாதாரணமாகத் தோளில் மாட்டி வாசித்தவர்களும் உண்டு. கையைப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது.

உங்கள் படத்தில் பெரியப்பாவின் இடது கை கம்பிகளுக்கு மேலே மிதக்கிறது. சுட்டுவிரல் துண்டின் மேல் நீட்டியிருக்கிறது, சுண்டுவிரல் கம்பிகளைத் தொட்டபடி பின்னால் வருகிறது. துண்டு கடந்து வந்த பகுதியில் கம்பி அதிராமல் இருக்க அப்படி வைப்பார்கள். சும்மா படத்துக்காகப் பிடித்த கை இல்லை அது. வாசிக்கத் தெரிந்த கை. வலது கையின் கட்டைவிரலில் ஒரு வெளிச்சக் கீற்று இருக்கிறதே, அது கம்பியை மீட்ட விரலில் மாட்டும் பிக்.

இந்த வாசிப்பு முறை ஹவாய் தீவுகளில் பிறந்தது. ஓவாஹு தீவின் லாயியே ஊரைச் சேர்ந்த ஜோசப் கெக்குக்கு 1880-களின் கடைசியில் இதை உருவாக்கினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா பசிபிக் கண்காட்சியில் ஹவாய் குழுக்கள் வாசித்த பிறகு அமெரிக்கா முழுக்க அந்த இசைக்கு மோகம் பிடித்தது. அந்தக் காலத்துப் படங்களில் இருப்பவை மரக் கிட்டார்கள். சாதாரணக் கிட்டாரையே மடியில் படுக்கவைத்து, கம்பிகளைத் தலைப்பக்கம் உயர்த்தியிருப்பார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் ஹெர்மன் வைசன்பார்ன் செய்தவை மட்டும் தனியாகத் தெரியும். உடம்பு எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி தோள் வழுக்கிக்கொண்டே தலைவரை போகும். கழுத்தும் உள்ளே கூடாகவே இருக்கும்.

இந்த மரக் கிட்டார்களின் குறை சத்தம். நடன அரங்கில் ஊதுகருவிகளுக்கு நடுவே யாருக்கும் கேட்காது. அடுத்த 10 வருடத்துக் கிட்டார்களின் விசித்திரமான உருவங்கள் எல்லாம் இந்த ஒரு குறையைத் தீர்க்கப் பிறந்தவை. 1927-ல் நேஷனல் நிறுவனம் உலோக உடம்புக்குள் 3 சின்ன அலுமினியக் கூம்புகள் வைத்த டிரைகோன் கிட்டாரைக் கொண்டுவந்தது. இதை உருவாக்கியவர் ஜான் டோப்யேரா. அப்படி ஒன்று வேண்டும் என்று அவரிடம் போய் நின்ற இசைக்கலைஞர் ஜார்ஜ் போஷாம்ப். படத்தில் டிரைகோனைத் தவறவிடவே முடியாது. நடுவில் ஆங்கில T எழுத்து மாதிரி ஓர் உலோக மேடு, மேல்பகுதியில் இரண்டு பக்கமும் சல்லடைக் கட்டங்கள். கூம்பு ஒன்றே ஒன்று என்றால் நடுவில் வட்டமான மூடியும், நேஷனலில் எஃப் வடிவத் துளைகளும் இருக்கும். டோப்யேரா சகோதரர்கள் பிரிந்துபோய்ச் செய்த டோப்ரோ பெரும்பாலும் மர உடம்பு. எஃப் துளைகளுக்குப் பதில் தோள்பக்கம் இரண்டு வட்ட வலைகள்.

நேஷனல் ஒற்றைக் கூம்புக் கிட்டார்களில் ஒரு நல்ல அடையாளம் உண்டு. கழுத்து உடம்பைத் தொடும் இடம் வரை எத்தனை ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டு) என்று எண்ணுங்கள். தொடக்கத்தில் 12, 1930-களின் நடுவிலிருந்து 14. கழுத்து சதுரமாக இருந்தால் மடியில் வைக்க, உருண்டையாக இருந்தால் சாதாரணமாக வாசிக்க. ப்ளூஸ் கலைஞர் டாம்பா ரெட் தங்க முலாம் பூசிய டிரைகோன் வைத்திருந்தார்; கறுப்பு வெள்ளைப் படத்தில் அது வெள்ளி போலத்தான் தெரியும்.

கூம்பும் போதவில்லை. போஷாம்ப் மின்சாரத்துக்குப் போனார். அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து 1932-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கிட்டார் ஒரே வார்ப்பாக ஊற்றிய அலுமினியம். சின்ன வட்ட உடம்பு, நீண்ட கழுத்து. கைப்பிடி வைத்த வாணலி மாதிரி இருந்ததால் ஃப்ரையிங் பேன் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. காப்புரிமை கிடைத்தது 1937-ல். நன்றாக விற்பனையான முதல் மின்சாரக் கிட்டாரே மடியில் வைக்கும் ஸ்டீல் கிட்டார்தான். இன்று மின்சாரக் கிட்டார் என்றதும் நம் கண் முன்னால் வரும் உருவம் எல்லாம் இதற்குப் பின்னால் வந்தவை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய படங்களைத் தொகுக்கிறவர்கள் மடியில் இருப்பதை ஒதுக்கிவிட்டு, நின்று வாசிப்பவரின் கிட்டாரைப் பற்றி மட்டுமே எழுதுகிறார்கள்.

அலுமினியத்தில் ஒரு சங்கடம். மேடை விளக்கின் சூட்டில் உலோகம் விரிந்து சுருதி நகரும். அதற்கு மாற்றாக 1935-ல் பேக்கலைட்டில் செய்த மாடல் பி வந்தது. பழைய சுவிட்ச், ரேடியோப் பெட்டி, டெலிபோன் எல்லாம் செய்தார்களே, அதே கெட்டிக் கறுப்புப் பொருள்.

இப்போது உங்கள் படத்தின் மடிப்பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். உடம்பு சின்னது, கிட்டார் வடிவத்தைக் குறுக்கி வைத்தது போல. கறுப்பு. சாதாரணக் கறுப்பு வார்னிஷ் என்றால் ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் பரந்து விழும். இங்கே விளிம்புகளில் ஊசி போலக் கூர்மையாக மினுங்குகிறது, மூலைகள் எல்லாம் உருண்டு இருக்கின்றன. மேல்பரப்பில் கண்ணாடி போல மின்னும் தகடுகள். இந்த மாடலில் 5 தகடுகள் இருக்கும். படத்தில் 3 தெரிகின்றன, மற்றவை முழங்கைக்கு அடியில். இந்தத் தகடுகள் அலங்காரத்துக்கு மட்டுமல்ல, பேக்கலைட் உடம்பின் குழிகளை மூடவும்தான். 1940 வாக்கில் பளபளக்கும் குரோமியம் போய் வெள்ளை பெயின்ட் அடித்த தகடுகள் வந்தன. உங்கள் படத்தில் இருப்பவை வெள்ளை இல்லை. நடுத்தகட்டில் பெரியப்பாவின் சட்டைக் கையின் பிம்பம் விழுந்திருக்கிறது. பெயின்டில் பிம்பம் விழாது.

அடுத்தது பிக்கப். வலது உள்ளங்கையை ஒட்டிக் கம்பிகளின் மேல் ஒரு பட்டை வளைந்து போகிறது. அவை இரண்டு லாடக் காந்தங்கள், ஒன்றையொன்று பார்த்தபடி கம்பிகளை மேலும் கீழும் அணைத்திருப்பவை. ரிக்கன்பேக்கரின் கையெழுத்து மாதிரி அது. இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்த காந்தம் ஒன்றரை அங்குல அகலம். போருக்குப் பின் ஒன்றேகால் அங்குலம். படத்தில் எப்படி அளப்பது? கிட்டாரே அளவுகோல் தருகிறது. மாடல் பி-யில் அதிரும் கம்பியின் நீளம் 22.5 அங்குலம். அப்படியானால் பழைய காந்தம் அந்த நீளத்தில் 15-ல் ஒரு பங்கு, புதியது 18-ல் ஒரு பங்கு. படம் சற்று மேலிருந்து, கிட்டார் கேமராவுக்குக் கிட்டத்தட்ட இணையாக இருக்கும்படி எடுத்திருக்கிறார்கள். திரையில் அளந்து வகுத்தேன்; 15-க்குப் பக்கத்தில் வந்தது. தகடும் காந்தமும் ஒரே காலத்தைச் சொல்கின்றன.

உள்ளூர் நகலாக இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. லேப் ஸ்டீலை நகல் எடுப்பது சுலபம். நல்ல மரப்பலகை, கம்பி சுற்றிய காந்தம், கோடு வரைந்த கழுத்து இருந்தால் போதும்; விரல் கம்பியை அழுத்தாததால் ஃப்ரெட் கூட வேண்டாம், கோடுகள் வெறும் வழிகாட்டிதான். நம் நாட்டுத் தச்சர்கள் அப்படி அருமையான வாத்தியங்கள் செய்திருக்கிறார்கள். ஆனால் பேக்கலைட்டை அச்சில் வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் வார்க்க வேண்டும். தச்சுப் பட்டறையில் நடக்கிற வேலை இல்லை அது.

கம்பி நீளத்தைப் பற்றிச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது, எல்லாக் கிட்டாருக்கும் பொருந்தும் ஒரு விதி இருக்கிறது. 12-ஆவது ஃப்ரெட் எப்போதும் அதிரும் கம்பியின் சரிபாதியில் இருக்கும். ஸ்வரம் ஒரு ஸ்தாயி ஏறும் இடம் அது. எந்தக் கம்பெனியும் மாற்ற முடியாது. பெரும்பாலும் அங்கே இரட்டைப் புள்ளி வைத்திருப்பார்கள். கையோ சட்டையோ பிரிட்ஜை (கம்பிகளைக் கீழ்ப்பக்கம் தாங்கும் கட்டையை) மறைத்திருந்தாலும், தலைப்பக்கத்துக் கட்டையிலிருந்து இரட்டைப் புள்ளி வரை அளந்து அதே தூரம் கீழே போனால் பிரிட்ஜ் இருக்கும் இடம் வந்துவிடும். அது உடம்பின் நடுவில் விழுகிறதா, கடைசியில் விழுகிறதா என்பதை வைத்தே பல மாடல்களைத் தள்ளிவிடலாம். கிட்டார் கேமராவை நோக்கிச் சாய்ந்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றும்.

மற்ற லேப் ஸ்டீல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிப்சன் இஎச்-150, 1936 வாக்கில் வந்தது: சின்னக் கிட்டார் வடிவம், ஓரம் கருத்து நடு வெளுத்த சன்பர்ஸ்ட், கம்பிகளுக்குக் குறுக்கே ஒரு பட்டை பிக்கப். உடம்பு முழுக்க மேகம் கலைந்தது போலத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் முத்துச்சிப்பி மாதிரிப் பிளாஸ்டிக் ஒட்டியது. சுப்ரோ, மேக்னடோன் போன்ற விலை குறைந்த வகைகளில் ஏராளம். 1949-ல் வந்த ஃபெண்டர் சாம்பியனிலும் உண்டு. கால் வைத்த மேஜை மாதிரி, இரண்டு மூன்று கழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கன்சோல். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் குழுவில் டான் ஹெல்ம்ஸ் வாசித்தது கிப்சனின் இரட்டைக் கழுத்து கன்சோல்.

கன்சோலுக்கு அடியில் கால்மிதிகள் தெரிந்தால் பெடல் ஸ்டீல். இந்த வகையில் பால் பிக்ஸ்பியின் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அவர் 1948-ல் ஸ்டீல் கிட்டார் கலைஞர் ஸ்பீடி வெஸ்டுக்குச் செய்து கொடுத்த வாத்தியத்தின் முகப்பில் வாசிப்பவரின் பெயரே பெரிய எழுத்தில் இருக்கும். வெஸ்டின் படங்களில் பக்கத்தில் நிற்கும் கிட்டார் கலைஞர் ஜிம்மி பிரயன்ட் கையில் ஃபெண்டரின் புதிய பிராட்காஸ்டர். அந்த இருவரும் சேர்ந்திருக்கும் படங்கள் 1950-களின் தொடக்கத்துக் கிட்டார் வரலாற்றை ஒரே சட்டத்துக்குள் வைத்திருக்கின்றன.

நின்று வாசிக்கும் மின்சாரக் கிட்டார்களுக்கு வருவோம். இங்கே என் முறை ஒன்றுதான்: கழற்றி மாற்ற முடியாததை முதலில் பார்ப்பது. பிருடை (கம்பியை முறுக்கும் திருகு), குமிழ், பிக்கப், ஏன் நிறம் கூட மாறும். உடம்பின் வெளிக்கோடு, தலையின் வடிவம், கழுத்து சேரும் இடம், துளைகள் ஆகியவை அவ்வளவு சுலபமாக மாறாது. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுடைய ரிக்கன்பேக்கர் 325-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1960-ல் ஹாம்பர்க்கில் வாங்கியபோது வெளிர் மரநிறம். 1962-ல் கறுப்பாக்கினார். குமிழ்களும் வால்பகுதியும் கூட நடுவில் மாறின. இரண்டு படத்தை மட்டும் பார்த்தால் இரண்டு கிட்டார் என்றுதான் தோன்றும். அதே சமயம், ஒருவருடைய கிட்டார் எது என்று தெரிந்துவிட்டால், இந்த மாற்றங்களே அவருடைய படங்களை வரிசைப்படுத்த உதவும்.

ஃபெண்டரில் 6 பிருடைகளும் தலையின் ஒரே பக்கம். ஒற்றைக் கொம்பு டெலிகாஸ்டர்; 1950-ல் பிராட்காஸ்டர் என்று வந்து, கிரெட்ச் கம்பெனி தங்கள் டிரம்முக்கு அந்தப் பெயர் வைத்திருந்ததால் 1951-ல் பெயர் மாறியது. வெளிர் உடம்பில் கறுப்புத் தகடு இருந்தால் 1954 கடைசி வரை. அதன்பின் வெள்ளைத் தகடு. 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது, இரண்டு கொம்பு. இரண்டுக்குமே கழுத்து முகம் வெளிறிய மேப்பிள் மரமாக இருந்தால் பெரும்பாலும் 1959-க்கு முன்; கருத்த ரோஸ்வுட் என்றால் 1959 நடுவிலோ பின்னாலோ. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தலை திடீரென்று பெருத்துத் தெரிந்தால் 1965 கடைசிக்குப் பிறகு. அந்த வருடத் தொடக்கத்தில்தான் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது.

கிப்சன் லெஸ் பால் கிட்டாருக்குக் கம்பிகள் முடியும் இடத்தைப் பாருங்கள். 1952-ல் வந்தபோது உடம்பின் கடைக்கோடியிலிருந்து இரண்டு தண்டுகள் நீண்டு வந்து கம்பிகளைப் பிடிக்கும். 1953-ல் அது போய், உடம்பில் நேராக ஊன்றிய ஒற்றைக் கட்டை. 1955 வாக்கில் கட்டை இரண்டாகி, முன்னால் டியூனோமேட்டிக் பிரிட்ஜ், பின்னால் நிறுத்துக் கட்டை. 1957-ல் வெளிர் பிளாஸ்டிக் மூடிய பிக்கப்புகளின் இடத்தில் உலோக மூடி போட்ட, ஹம்பக்கர் என்ற புதுவகைப் பிக்கப்புகள். 1958-ல் பொன்னிற முகம் போய்ச் சன்பர்ஸ்ட். 1961-ல் உடம்பே மெலிந்து இரண்டு கூர்கொம்பு வந்தது. பிற்பாடு எஸ்ஜி என்று பெயர் பெற்றது அதுதான். இப்படி ஒரே கிட்டார் 10 வருடத்துக்குள் 6 முகம் காட்டுகிறது. படம் எடுத்த காலத்தைக் குறுக்குவதற்கு இதைவிட நல்ல கிட்டார் எனக்குத் தெரிந்து இல்லை.

உங்கள் படத்தில் நிற்பவரின் கிட்டாரில் இரண்டு எஃப் துளைகள், வயலின் போல மேல்பலகை வளைந்திருக்கிறது. பிக்கப் உடம்புக்குள் பதிக்கப்படவில்லை. கம்பிகளுக்கு அடியில் மெல்லிய தண்டில் தொங்குகிறது. அதிலிருந்து ஒரு வயர் தொடைப்பக்கம் இறங்குகிறது. டியார்மண்ட் கம்பெனி இப்படி மாட்டிக் கழற்றும் பிக்கப்புகளை 1940 வாக்கிலிருந்து பிரபலமாக்கியது. சாதாரணக் கிட்டார் வைத்திருந்தவர்கள் துளை போடாமலே மின்சாரத்துக்கு மாற அது வழி. தலைப்பகுதி படத்துக்கு வெளியே போய்விட்டதால் அந்தக் கிட்டாருக்குக் கம்பெனிப் பெயர் வைக்க மாட்டேன். பெயர் வைக்காமல் விடுவதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

இனி, படம் நம்மை ஏமாற்றும் விதங்கள். முதல் ஏமாற்று நிறம். வீட்டுக் கேமராக்களில் பெரிதும் போட்ட கோடக் வெரிக்ரோம் பிலிம், 1956-ல் புதிய வகை வரும்வரை, சிவப்பை உணராது. சிவப்பு அதில் கறுப்பாகவே விழும். நீலம் வெளுத்துப் போகும். சன்பர்ஸ்ட் கிட்டாரின் செம்பழுப்பு ஓரம் கறுப்பு விளிம்பாகிவிடும். கறுப்புக் கிட்டார் என்று பெருமையாக எழுதிய எத்தனையோ படக் குறிப்புகளில் இருப்பது செர்ரிச் சிவப்போ, அடர் பழுப்போதான். அதனால்தான் உங்கள் படத்தில் கறுப்பை மட்டும் நம்பாமல் மினுக்கத்தையும் மூலைகளையும் பார்த்தேன்.

இரண்டாவது, இடம் வலம் மாறுவது. நெகட்டிவைத் திருப்பிப் பிரதி எடுத்துவிட்டால் எல்லோரும் இடக்கையர் ஆகிவிடுவார்கள். அமெரிக்காவில் பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனை இடக்கையன் என்றே வெகுகாலம் நம்பினார்கள். அவனுடைய தகரத் தகட்டுப் படம் இயல்பாகவே கண்ணாடிப் பிம்பம் என்பதையும், துப்பாக்கியில் தோட்டா போடும் வாசல் தவறான பக்கம் இருப்பதையும் பிறகுதான் கவனித்தார்கள். நம் ஊர்ப் படங்களில் சட்டைப் பை போதும். பை இடது மார்பில் இருக்க வேண்டும். உங்கள் படத்தில் நாலு பேருக்குச் சட்டைப் பை தெரிகிறது, எல்லாம் சரியான பக்கம். உண்மையான இடக்கையரைக் கண்டுபிடிப்பது வேறு. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி வாசித்தார். அவர் படங்களில் குமிழ்கள் கம்பிகளுக்கு மேல்பக்கம் இருக்கும், தலையில் உள்ள எழுத்து தலைகீழாக இருக்கும். நெகட்டிவ் திரும்பியிருந்தால் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல் இருக்கும்.

மூன்றாவது, விளம்பரப் படங்கள். கம்பெனி கொடுத்த கிட்டாரைக் கையில் வைத்துச் சிரித்துவிட்டு, மேடையில் வேறு கிட்டாரை வாசித்தவர்கள் பலர். ஸ்டுடியோவில் வைத்திருக்கும் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தவர்களும் உண்டு. வியர்வையும் வயரும் தெரியும் மேடைப் படத்தையே நான் நம்புவேன். உங்களுடையது அப்படிப்பட்டது.

கல்கத்தாவில் இந்த வாத்தியம் இருந்தது ஆச்சரியமில்லை. இந்தியாவில் ஸ்டீல் கிட்டாருக்குத் தலைநகரம் என்றால் கல்கத்தாதான். கார்னி நிஸ் அங்கே அலோஹா பாய்ஸ் என்ற ஹவாய் இசைக்குழுவை நடத்தினார். ஹவாய்க்காரரான டாவ் மோ தன் குடும்பத்தோடு 1940-களில் சில வருடம் அங்கேயே தங்கி வாசித்தார், சொல்லிக்கொடுத்தார். போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் அந்த நகரத்தில் இருந்தார்கள். பின்னாளில் சுனில் கங்குலி ஹவாயன் கிட்டாரில் வாசித்த சினிமாப் பாட்டுகளின் இசைத்தட்டுகள் இந்தியா முழுக்க ஒலித்தன. பெரியப்பா அங்கே போய் இதைக் கற்றிருந்தால் சரியான ஊரில், சரியான காலத்தில் கற்றிருக்கிறார்.

கடைசியாக வருடம். கிட்டார் ஒரு பக்க எல்லையைத்தான் சொல்லும்: இந்த வருடத்துக்கு முன் இந்தப் படம் எடுத்திருக்க முடியாது என்று. 1938-ல் செய்த வாத்தியத்தை 1938-லும் வாசிக்கலாம், 1968-லும் வாசிக்கலாம். அதனால் கிட்டாரை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பதைப் பார்த்தேன். பாடுகிறவர் முன்னால் இருப்பது ஷூர் 55 குடும்பத்து மைக். நெடுக்கு விலா எலும்புகள் போட்ட, எல்விஸ் படங்களில் பார்த்துப் பழகிய அதே முகம். முதல் 55 வந்தது 1939-ல், நல்ல பருமன். அதே முகத்தைச் சின்னதாக்கிய 55எஸ் வந்தது 1951-ல். உங்கள் படத்தில் பாடகரின் கை மைக்குக்குச் சரியாகக் கீழே தண்டைப் பிடித்திருக்கிறது. மைக்கின் அகலம் அவருடைய மூன்று விரல் அகலம்தான். சின்னது அது. 1949-ல் அது உலகத்திலேயே கிடையாது.

அப்படியானால் பென்சிலில் எழுதிய 1949 என்ன? அது வருடமாகவே இருக்க வேண்டியதில்லை. ஸ்டுடியோக்காரர்கள் மறுபிரதி கேட்டு வருகிறவர்களுக்காகப் படத்தின் பின்னால் நெகட்டிவ் எண்ணைப் பென்சிலில் எழுதி வைப்பார்கள். எழுத்து மூலையில், சின்னதாக, சாய்வாக இருக்கிறது. தேதியோ மாதமோ கூட இல்லை. பெட்டியில் அதே ஸ்டுடியோ முத்திரை உள்ள வேறு படங்கள் இருந்தால் அவற்றின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். 1948, 1950, 2013 என்று எண்கள் வந்தால் விஷயம் தெளிவாகிவிடும். முன்பக்கத்தை 1200 டிபிஐ-யில், வெள்ளை ஓரத்தையும் வெட்டாமல் எடுங்கள். கூடவே அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: பெரியப்பா ஊருக்கு வந்தபோது, கனமான, சின்ன, கறுப்பு வாத்தியம் ஒன்றைக் கொண்டுவந்த ஞாபகம் இருக்கிறதா என்று. பேக்கலைட் எளிதில் மக்காது. கீழே விழுந்து உடையாமல் இருந்தால், அது இன்னும் எங்கேயாவது ஒரு அலமாரியில் இருக்கும்.